கைம்மொழியும் கணினியும்

கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்துதற்கு மனிதன் கைக்கொண்ட கருவிகளுள் மொழி தலையாயது. மொழி என்றவுடன் ஒலியை நினைத்தல் நம் வழக்கம். எழுத்து என்னும் ஒரு சொல்லாலேயே ஒலியையும் வரிவடிவையும் சுட்டிய இலக்கண மரபில் வந்தோமாதலின், நாவிற் பிறந்து செவியிற் சேராத ஒன்றை மொழியெனக் கொள்ள நம் உள்ளம் எளிதில் இசைவதில்லை. ஆயினும், கையாற் பேசிக் கண்ணாற் கேட்டு வாழும் மக்கள் உலகெங்கும் உளர். அவர்தம் மொழியைக் கணினியாற் கண்டறிந்து பேச்சுமொழியாகப் பெயர்த்தல் கூடுமா என்னும் ஆராய்ச்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அது எவ்வளவு தூரம் சென்றுள்ளது, எங்கே தடைப்பட்டு நிற்கின்றது, தடைக்குக் காரணம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் விஞ்ஞானக் கண்காட்சியொன்றுக்கு நடுவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். யான் விஞ்ஞானம் கற்பிப்பவனல்லேன். மொழியாசிரியன் என்பதால் தொடர்பாடற் பகுதியை என்னிடம் ஒப்படைத்தனர். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மின்கம்பிகள் தைத்த கையுறையை அணிந்து விரல்களை மடக்கினான். அருகிலிருந்த சிறு பெட்டியிலிருந்து "தண்ணீர்" என்று ஒரு குரல் எழுந்தது. கூடி நின்றோர் கைதட்டினர். "தம்பி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதானால் என்ன செய்வீர்?" என்றேன். அவன் சற்றே சிந்தித்து, "அதற்கு வேறொரு விரலடையாளம் வைக்கலாம், சேர்" என்றான். அவனுக்கு அன்று நல்ல புள்ளியே இட்டேன். வீடு திரும்பும் வழியிலேதான், யான் கேட்ட வினாவுக்குச் சரியான விடை எனக்கும் தெரியாதென்பது உறைத்தது. அதன்பின் தேடிப் படித்தவற்றின் பயனே பின்வருவன.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். சைகைமொழி என்றதும் நம்மவருட் பலர்க்குப் பரதநாட்டிய முத்திரைகள் நினைவுக்கு வரும். முத்திரை பாட்டைச் சார்ந்து நின்று அதன் பொருளை விளக்குவது. சைகைமொழியோ எதனையுஞ் சார்ந்து நிற்பதன்று. பேச்சுமொழியைக் கையினாற் படியெடுத்துக் காட்டுவதுமன்று. அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளாயினும், அவ்விரு நாட்டுச் சைகைமொழியாளரும் ஒருவர் மொழியை மற்றவர் இயல்பாக விளங்கிக்கொள்ளார். அமெரிக்கச் சைகைமொழிக்கு உறவான மொழி பிரெஞ்சுச் சைகைமொழியே. பதினெட்டாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரில் அபே டி லெப்பே என்னும் பாதிரியார் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பள்ளியொன்றை நிறுவினார். அப்பள்ளியிற் கற்று அங்கேயே ஆசிரியராயிருந்த லோறன் கிளார்க், தாமும் செவிப்புலனற்றவர், கலோடெற் என்னும் அமெரிக்கருடன் கடல் கடந்து சென்று 1817 இல் ஹாட்பேட் நகரிற் பள்ளி தொடங்கினார். மாணாக்கர் கொண்டுவந்த உள்ளூர்ச் சைகைகளும் பாரிஸ் மொழியும் அங்கே கலந்தன. மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து கிளைக்கும் வரலாற்றில் இஃது இன்னுமோர் அதிகாரம், அவ்வளவே.

சைகைக்கு இலக்கணம் உண்டென்று உலகுக்கு முதலில் எடுத்துக்காட்டியவர் ஓர் ஆங்கில ஆசிரியர் என்பது மொழியாசிரியராகிய நமக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தி. வாஷிங்ரன் நகரிலே செவிப்புலனற்றோருக்கென நடைபெற்று வந்த கலோடெற் கல்லூரிக்கு 1955 இல் வந்து சேர்ந்த வில்லியம் ஸ்ரோக்கோ என்பவரே அவர். சைகை என்பது சிதைந்த ஆங்கிலம், அன்றேல் வெறும் அபிநயம் என்பதே அக்காலத்துக் கற்றோர் கொள்கை. ஸ்ரோக்கோ தம் மாணாக்கர் ஒருவரோடொருவர் பேசுவதைக் கூர்ந்து நோக்கினார். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் வகுத்துக் கூறியவாறு, ஸ்ரோக்கோவும் ஒவ்வொரு சைகையையும் கையின் வடிவம், அது நிகழும் இடம், அதன் அசைவு என மூன்று கூறுகளாகப் பகுத்தார். 1960 இல் வெளிவந்த அவரது சிறு நூல் இதனை நிறுவியது. பின்வந்தோர் உள்ளங்கை நோக்கும் திசையையும் இவற்றோடு சேர்த்தனர். அமெரிக்கச் சைகைமொழியில் "தந்தை" என்பதற்கும் "தாய்" என்பதற்கும் கை வடிவம் ஒன்றே: ஐந்து விரலும் விரிந்த கை. பெருவிரல் நெற்றியைத் தொட்டால் தந்தை. மோவாயைத் தொட்டால் தாய். பல், கல் என்னும் சொற்களில் ஓரெழுத்து வேறுபடப் பொருள் வேறுபடுதல் போன்றதே இதுவும். 1965 இல் அவர் வெளியிட்ட அகராதியில் டொரதி காஸ்ரலைன், கார்ல் குறோன்பேர்க் என்னும் இருவர் உடனாசிரியராயிருந்தனர், இருவரும் செவிப்புலனற்றோர்.

இவ்விடத்திற் பேச்சுக்கும் சைகைக்கும் உள்ள பெரியதொரு வேற்றுமையைக் கருதுதல் வேண்டும். பேச்சில் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். ஒரே வரிவடிவம் பெற்ற உயிர்மெய்யும் ஒலிக்குமிடத்து மெய் முன்னும் உயிர் பின்னுமாகவே நிற்கும். சைகையிலோ வடிவமும் இடமும் அசைவும் ஒரே கணத்தில் நிகழ்வன. அவற்றோடு புருவம், கண், வாய், தலை, தோள் என்பனவும் தத்தம் தொழிலைச் செய்கின்றன. இவை உணர்ச்சியைக் காட்டும் மெய்ப்பாடு மட்டுமல்ல, இலக்கணமுமாம். அமெரிக்கச் சைகைமொழியில் "நீ ஆசிரியர்" என்னும் கூற்றுக்கும் "நீ ஆசிரியரா?" என்னும் வினாவுக்கும் கைகள் செய்வது ஒன்றாகவே இருக்கக் கூடும், புருவம் உயர்ந்தால் வினா. யார், எங்கே, ஏன் என்னும் வினாக்களுக்குப் புருவம் நெரிந்து தாழும். தலையசைப்பு ஒன்றே உடன்பாட்டை எதிர்மறையாக்கிவிடும். கண்காட்சியில் யான் கேட்ட வினாவுக்கு விடை விரலில் இல்லை; புருவத்தில் இருந்தது.

இன்னுமொன்று. தா, வா என்பன தன்மை முன்னிலைகளுக்கும், கொடு, செல் என்பன படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியம் வரையறுக்கின்றது. வினை எவர் பக்கம் சென்று முடிகின்றதோ அதற்கேற்பச் சொல் மாறும் என்பது கருத்து. அமெரிக்கச் சைகைமொழியில் "கொடுத்தல்" என்னும் வினை அத்திசையைத் தன் அசைவிலேயே காட்டுகின்றது. என்னிடமிருந்து உம்மை நோக்கிக் கை சென்றால் யான் உமக்குத் தந்தேன். உம்மிடமிருந்து என்னை நோக்கி வந்தால் நீர் எனக்குத் தந்தீர். முன்னிலையில் இல்லாத இருவரைப் பற்றிப் பேசுவோர், ஒருவரை வலப்புறத்தும் மற்றவரை இடப்புறத்தும் வெளியிலே நிறுத்திவைப்பர். பின்பு அவ்விடத்தைச் சுட்டினால் அவரையே சுட்டியதாகும். வலமிருந்து இடமாகச் செல்லும் கையசைவு "அவர் இவருக்குக் கொடுத்தார்" என்னும் முழு வாக்கியமாகிவிடும். இவ்வாறு வெற்று வெளியே வேற்றுமையுருபாகவும் சுட்டுப்பெயராகவும் தொழிற்படும் இலக்கணத்தைச் சொற்பட்டியல் கொண்டு அளத்தல் இயலாது.

இத்துணைச் செழிப்புள்ள மொழியை நெடுங்காலம் மொழியென ஏற்காதிருந்தோர் யாவர்? கூசாமற் கூறின், ஆசிரியர்களே. 1880 இல் மிலான் நகரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, பள்ளிகளிற் சைகையை நீக்கி உதட்டசைவை நோக்கிப் பேசப் பயிற்றும் வாய்மொழி முறையே தக்கதெனத் தீர்மானித்தது. 164 பிரதிநிதிகளுள் செவிப்புலனற்றவர் ஒருவரே. அதன்பின் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் வகுப்பறையிலே பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் தொழிலிழந்தனர். 2010 இல் வன்கூவர் நகரிற் கூடிய அதே மாநாட்டு மரபினர்தாம் மிலான் தீர்மானங்களை முறைப்படி நிராகரித்தனர். தொலைபேசி கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல், தாயும் மனைவியும் செவிப்புலனற்றோராக இருந்தும், வாய்மொழி முறையையே வற்புறுத்தி வந்தார். தம் இல்லத்தாரின் நிலையை அறிந்த நல்லெண்ணத்தோடுதான் அவ்வாறு செய்தார் என்பதையும் மறத்தல் தகாது. செவியுள்ளோருக்கு எளிதாகும்படி செவிப்புலனற்றோர் மாறுதல் வேண்டும் என்பதே அந்நல்லெண்ணத்தின் உட்கிடை. இக்கருத்து இயந்திரங்களுக்குள்ளும் புகுந்தமையே இனிக் காணப்போவது.

1983 இல், பெல்லின் பெயர் தாங்கிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிறைம்ஸ் என்பவர், ஒற்றைக்கை விரலெழுத்துகளை இனங்காணும் மின்கையுறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இத்தகைய கையுறைகள் விரல் மடிவதையும் ஒன்றையொன்று தொடுவதையும் கை சாய்வதையும் உணரிகளால் மின்குறிகளாக்கிக் கணினிக்கு அனுப்பும். கணினி அவற்றைத் தன்னிடமுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு எழுத்தையோ சொல்லையோ கூறும். விரலெழுத்தென்பது பெயர்களையும் சைகையில்லாச் சொற்களையும் ஆங்கில நெடுங்கணக்கால் எழுத்துக்கூட்டிக் காட்டும் முறை. சைகைமொழியில் அது ஒரு சிறு பகுதியே. பிரித்தானிய விரலெழுத்து இருகையாலும் செய்யப்படுவதாகலின், ஒற்றைக் கையுறை அங்கே பயன்படவும் மாட்டாது.

எனினும் கையுறைகள் ஆண்டுதோறும் புதிது புதிதாகத் தோன்றிக்கொண்டேயிருக்கின்றன. 2016 இல் வாஷிங்ரன் பல்கலைக்கழக மாணவர் இருவர் அத்தகைய கையுறைகளுக்காக 10,000 டொலர் பரிசு பெற்றனர். செய்தித்தாள்கள் புகழ்ந்தன. அப்பல்கலைக்கழகத்திலேயே சைகைமொழி கற்பிப்போரும் மொழியியலாரும் பகிரங்கக் கடிதம் ஒன்றின் வாயிலாக அதனை மறுத்தனர். முகத்தைக் காணாத கருவி மொழியைக் காணாது. அன்றியும், தொடர்பாடலின் முழுச்சுமையும் செவிப்புலனற்றவர் கையிலேயே மாட்டப்படுகின்றது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். எதிரில் நிற்பவர் எதனையும் அணிய வேண்டியதில்லை. எதனையும் கற்க வேண்டியதில்லை. அம்மாணவரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. யானும் கண்காட்சியிற் புள்ளி இட்டவனே.

இதற்கு மாறான கருவியொன்றையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். செவிப்புலனற்ற பௌதிகவியலாளரான றொபேட் வைற்பிரெக்ற் 1964 இல், பழைய தட்டெழுத்துத் தந்திப் பொறிகளைச் சாதாரண தொலைபேசியோடு இணைக்கும் கருவி ஒன்றை அமைத்தார். தொலைபேசி தோன்றி ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகியும் அதனாற் பயன்பெறாதிருந்தோர் அதன்பின் ஒருவர்க்கொருவர் எழுத்தாற் பேசலாயினர். அக்கருவி எவர் கையையும் மொழிபெயர்க்கவில்லை. வேண்டியது யாதென்பதை அறிந்தவரே அதனைச் செய்தார்.

கையுறையை விடுத்துக் கமராவைக் கொண்டு காணும் முயற்சி 1990களில் வலுப்பெற்றது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஸ்ராணர், பென்ற்லண்ட் முதலியோர், பேச்சொலியை இனங்காணப் பயன்பட்டு வந்த நிகழ்தகவு முறையைச் சைகைக்கும் பொருத்தினர். 1998 இல் வெளியிட்ட முடிவின்படி, மேசைமேல் வைத்த கமரா 100 சொற்களுக்கு 92 ஐயும், தொப்பியிற் பொருத்திய கமரா 98 ஐயும் சரியாகக் கண்டன. வியக்கத்தக்க பெறுபேறே. ஆயின் அங்கே பயன்பட்ட சொற்கள் 40 மட்டுமே. நாற்பது சொல்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பெறுதலுக்கும் ஒரு மொழியை அறிதலுக்கும் உள்ள தூரத்தை, ஐந்தாம் வகுப்புச் சொல்வதெழுதுதலைத் திருத்திய எவரும் அறிவர்.

இற்றைக் கணினி கையை 21 புள்ளிகளாகக் காண்கின்றது. கூகிள் நிறுவனத்தார் 2019 இல் வெளியிட்ட மென்பொருள், மணிக்கட்டில் ஒன்றும் விரலுக்கு நான்குமாக அப்புள்ளிகளைச் சாதாரணக் கைப்பேசியின் கமராவைக் கொண்டே கணப்பொழுதிற் கண்டுபிடிக்கும். முகத்துக்கு அவர்கள் அமைத்த வலை 468 புள்ளிகள் கொண்டது. ஆதலாற் பார்த்தல் இப்போது பெருந்தடையன்று. பார்த்ததைப் பகுத்தலே தடை. தனித்தனியே செய்து காட்டிய சைகையை அறிவது ஒருவாறு எளிது; தொடர்ந்து பேசும்போது ஒன்று மற்றொன்றோடு சேர்ந்து உருமாறும். நம் இலக்கணத்தில் நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் நிகழ்வதை வகுப்பிலே கற்பிக்கின்றோமன்றோ? நெற்றியில் முடிந்த சைகைக்கும் மார்பிலே தொடங்கும் சைகைக்குமிடையே கை இறங்கி வருதல் வேண்டும். அவ்வசைவு முன்னதற்கும் உரியதன்று, பின்னதற்கும் உரியதன்று. அதனையும் ஒரு சொல்லென மயங்காதிருக்கக் கணினி கற்றல் வேண்டும். ஒரு கை மற்றதை மறைத்தலும், விரைந்து பேசுவோர் விரலைக் குறைத்துக் காட்டுதலும் வேறு உள.

சைகைகளை இனங்கண்டுவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என எண்ணுவோரும் உளர். ஒவ்வொரு சைகைக்கும் ஒரு சொல்லை எழுதி வரிசைப்படுத்தினாற் கிடைப்பது மொழிபெயர்ப்பன்று. ஜேர்மன் சைகைமொழியில், நம் தமிழிற்போல, வினை வாக்கிய இறுதியில் வருதலே பொதுவழக்கு. ஜேர்மன் பேச்சுமொழியின் முதன்மை வாக்கியங்களிலோ வினை இரண்டாமிடத்து நிற்கும். இவ்வேற்றுமையையும் கடந்து, காட்சியிலிருந்து வாக்கியத்தைப் பெறும் முயற்சி 2018 இல் வெளிவந்தது. அதற்குத் தரவாகப் பயன்பட்டது ஜேர்மன் தொலைக்காட்சியொன்றின் வானிலை அறிக்கை. சைகையில் அதனைப் பெயர்த்துரைத்த ஒன்பது மொழிபெயர்ப்பாளரின் காட்சிகளை ஆகன் பல்கலைக்கழகத்தார் தொகுத்திருந்தனர்: 1,066 சைகைகள், 2,887 ஜேர்மன் சொற்கள். கணினியின் வாக்கியம் மனிதன் எழுதிய வாக்கியத்தோடு எத்துணைச் சொற்றொடர்களில் ஒத்திருக்கின்றது என அளந்து நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியிடும் முறை ஒன்றுண்டு. அம்முறையில் அது பெற்றது ஏறத்தாழ 18. நூற்றுக்குப் பதினெட்டு வாக்கியம் சரி என்பது இதன் பொருளன்று. ஒத்த பொருளை வேறு சொல்லாற் கூறினும் புள்ளி குறையும். ஆயினும் மழை, காற்று, வெப்பம், நாளை என்னும் சிறு வட்டத்துள்ளேயே நிலை இதுவாயின், மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் யாதாகும்? "வலி இல்லை" என்பதில் எதிர்மறை தலையசைப்பில் மட்டும் இருந்து, அதனைக் கருவி காணத் தவறினால், மருத்துவரின் ஏட்டில் "வலி" என்றே பதியும்.

பேச்சுமொழிக்கு இந்நிலை இல்லாமைக்குக் காரணம் தரவின் பெருக்கம். 2022 இல் வெளியான பேச்சறி கருவியொன்று 680,000 மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டுப் பயின்றது. அமெரிக்கச் சைகைமொழிக்கென 2023 இல் யூரியூப் காட்சிகளிலிருந்து திரட்டிய பெருந்தொகுப்பு 984 மணி நேரம். அதிற் பேசுவோர் 2,500 பேருக்கு மேல். அதனைக் கொண்டு பயின்ற கணினி, வானிலை போன்ற ஒரு வட்டத்துள் அடங்காத விளக்கவுரைகளை மொழிபெயர்த்தபோது பெற்ற புள்ளி 12.39. இதுவும் முன்னேற்றமெனவே போற்றப்பட்டது, உண்மையும் அதுவே. அமெரிக்க மொழியின் நிலை இதுவெனின், பதிவுகளே அரிதாயுள்ள ஏனைய சைகைமொழிகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

தரவின் அளவோடு, அது யாருடையது என்பதும் கருதற்பாலது. வானிலைத் தொகுப்பிலுள்ளது ஒருவர் தாமாகப் பேசிய மொழியன்று. செய்தியாளரின் வேகத்தைத் துரத்தி மொழிபெயர்ப்பாளர் பெயர்த்த மொழி. அவசர மொழிபெயர்ப்பைப் படித்துத் தமிழ் நடை கற்றவன் எழுதுந் தமிழ் எவ்வாறிருக்கும்? அதுபோன்றதே அக்கணினி கற்ற மொழியும். வேறொரு சிக்கலும் உண்டு. ஒலிப்பதிவில் பேசியவர் பெயரையும் முகத்தையும் மறைத்தல் எளிது. சைகைப் பதிவில் முகத்தை மறைத்தால் இலக்கணமே மறைந்துவிடும். ஆதலின், தம் மொழியைத் தரவாக வழங்குவோர் தம் முகத்தையும் உடன் வழங்கியே ஆகவேண்டும்.

மறுதிசையில், எழுத்திலிருந்து சைகையை உருவாக்கும் கணினிப் பாவைகளும் உள. உலக செவிப்புலனற்றோர் சம்மேளனமும் உலகச் சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் சங்கமும் 2018 இல் இவைபற்றிக் கூட்டறிக்கை ஒன்று விடுத்தன. புகையிரத நிலைய அறிவித்தல் போன்று முன்னரே அமைத்துவைக்கும் செய்திகளுக்கு இவை உதவலாம். உயிருள்ள உரையாடலில் மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாக இவற்றைக் கொள்ளலாகாது என்பது அவற்றின் நிலைப்பாடு. செலவு குறையுமென்று மொழிபெயர்ப்பாளரை நீக்க விரும்பும் அலுவலகங்கள் எந்நாட்டிலும் இருக்குமாதலால் இவ்வெச்சரிக்கை மிகையன்று.

இன்றைய நிலையில் இயந்திரம் செவ்வனே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு, அது சிறிது. அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்குச் சைகையைத் தேடலாம். கண்ட சைகைக்குப் பொருள் தேட வழியில்லை, ஏனெனிற் சைகைக்கு அகரவரிசை இல்லை. செவிப்புலனற்ற பிள்ளையின் பெற்றோரும், புதிதாகச் சைகை கற்கும் ஆசிரியரும் நாள்தோறும் முட்டும் சுவர் இது. 2023 இல் மைக்ரோசொப்ற் ஆய்வாளரும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பு இதனை நோக்கியே அமைந்தது. 52 பேர், உடன்பட்டு, தத்தம் இல்லத்திலிருந்தே கமராவின் முன் அமர்ந்து 2,731 சைகைகளைப் பதிவு செய்தனர், காட்சிகள் 83,399. அதிற் பயின்ற கணினி, முன்பு கண்டறியாத ஒருவரின் சைகையைக் காட்டினால், நூற்றுக்கு 63 தடவை முதல் விடையையே சரியாகக் கூறும். பத்து விடைகளைப் பட்டியலிடச் சொன்னால், நூற்றுக்கு 91 தடவை சரியான சைகை அப்பட்டியலுள் இருக்கும். அப்பத்தையும் பார்த்து, தாம் கண்டது எதுவெனத் தேர்ந்துகொள்வது கற்பவரின் வேலை.